டிஸ்கிலிருந்து டேப்புக்கு எப்போது இறக்குவது? கஞ்சிக்கோட்டிலிருந்து சில பதில்கள்

கேரளத்தில், பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் சர்வர் அறை என் வேலையிடம், வீடு கொழிஞ்சாம்பாறையில். தமிழக எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நூற்பாலை, மருத்துவமனை, கல்லூரி என்று பேக்கப் வேலை பார்க்கும் நண்பர்கள் பலர். கேட்பவர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை என்பதால் பதில்களை ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். எல்லோரிடமும் இருப்பது ஏறத்தாழ ஒரே ஏற்பாடு. இரவில் சர்வர்களின் பேக்கப் முதலில் ஒரு டிஸ்க் தொகுப்பில் வந்து சேர்கிறது. பிறகு அங்கிருந்து எல்டிஓ டேப்புக்கு (பெட்டிக்குள் சுற்றிய காந்த நாடா; எல்டிஓ-8 போன்ற எண் அதன் தலைமுறை) இறங்குகிறது. அந்த இரண்டாம் கட்டத்தை எந்த நேரத்தில், எந்த முறையில் வைப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

நேராக டேப்பிலேயே எழுதிவிட்டால் என்ன? நடுவில் டிஸ்க் எதற்கு?

டேப் மெதுவானது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் சிக்கலே அதன் வேகம்தான். எல்டிஓ-8 வகையின் முழு உயர டிரைவ் (டேப்பை ஓட்டும் கருவி), சுருக்கப்படாத தரவை நொடிக்கு 360 மெகாபைட் வரை எழுதக்கூடியது. ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் வரும் பேக்கப்போ நொடிக்கு 110 மெகாபைட்டைத் தாண்டுவது கடினம். லட்சக்கணக்கில் சின்னச் சின்னக் கோப்புகள் இருக்கும் சர்வர் என்றால் அதில் கால் பங்குகூட வராது.

வருகிற வேகத்துக்கு ஏற்ப டிரைவ் தன் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. அதற்குக் கீழே போனால் டேப்பை நிறுத்தி, சற்றுப் பின்னால் சுற்றி, தரவு சேரும்வரை காத்திருந்து, மறுபடி ஓடத் தொடங்கும். செருப்புக்குப் பாலிஷ் போடுகிறவர் துணியை முன்னும் பின்னும் இழுப்பது போன்ற ஆட்டம் என்பதால் இந்தத் தொழிலில் அதற்கு 'ஷூ ஷைனிங்' என்றே பெயர். நேரம் வீணாவதோடு டேப்பும் தேயும், டிரைவின் தலையும் தேயும்.

டிஸ்குக்கு இந்தக் கோபமெல்லாம் கிடையாது. இருபது சர்வர்கள் இருபது வேகத்தில் அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளும். எங்கள் பக்கத்து வழக்கில் சொன்னால் டிஸ்க் என்பது களம், டேப் என்பது பத்தாயம். வயல் வயலாக வரும் நெல் களத்தில் சேரட்டும். காய்ந்ததும் ஒரே மூச்சில் பத்தாயத்தில் கொட்டலாம். களத்திலேயே போட்டுவைத்தால் மழை என்ன செய்யும் என்று பாலக்காட்டுக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை.

டேப் ஜாப்பை, அதாவது டேப்புக்கு இறக்கும் வேலையை, காலை 2 மணிக்கு என்று வைத்திருக்கிறேன். சரிதானே?

பேக்கப் 1.30க்கு முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் வைத்த நேரம் அது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாளில் பேக்கப் 4 மணி வரை ஓடும். அப்போது ஒரே டிஸ்க் தொகுப்பில் ஒரு பக்கம் எழுத்து, மறு பக்கம் வாசிப்பு. பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்த ரெய்டு அமைப்பில் சுழலும் டிஸ்குகளின் தலைகள் இங்குமங்கும் அலைந்து இரண்டு வேலையும் தள்ளாடும். டேப்புக்குத் தீனி போதாமல் மேலே சொன்ன ஆட்டம் தொடங்கிவிடும். இன்னொரு கேடும் உண்டு. 2 மணிக்குள் முடியாத ஜாப் அன்றைய பட்டியலில் சேராமல் விடுபடும். அது மறுநாள்தான் இறங்கும்.

ஆகவே கடிகாரத்தோடு கட்டாமல் முந்தைய வேலையோடு கட்டுங்கள். 'எல்லா பேக்கப்பும் முடிந்த பிறகு' என்ற நிபந்தனையை ஏறக்குறைய எல்லா மென்பொருளும் ஏற்கும். பகூலா என்ற பேக்கப் மென்பொருளில் ஜாப்களின் முன்னுரிமை எண்ணை வைத்து இதைச் செய்யலாம். நிபந்தனை வைக்க வழியில்லாத பழைய மென்பொருள் என்றால் காலை 9 மணிக்குத் தள்ளிவிடுங்கள். டிஸ்கிலிருந்து டேப்புக்குப் போவதால் பகலில் அலுவலக சர்வர்களுக்கு எந்தச் சுமையும் இல்லை. இந்த ஏற்பாட்டின் பெரிய வசதியே அதுதான். பலர் அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் பழைய பழக்கத்தில் நள்ளிரவிலேயே ஓட்டுகிறார்கள். பகலில் டேப் சிக்கிக்கொண்டால் பார்க்க ஆள் இருப்பார்.

டிஸ்க் நிரம்பும்போது தானாக இறங்கட்டும் என்று விட்டுவிடலாமா?

மேல் வரம்பு, கீழ் வரம்பு என்று இரண்டு எண்களைக் கொடுக்கும் முறை இது. ஐபிஎம்மின் பேக்கப் மென்பொருளான ஸ்டோரேஜ் புரொடெக்ட்டில் (முன்பு ஸ்பெக்ட்ரம் புரொடெக்ட்) நாம் மாற்றாமல் விட்டால் டிஸ்க் 90 சதவீதம் நிரம்பியதும் இறக்கம் தொடங்கி, 70 சதவீதத்தில் நிற்கும். பகூலாவிலும் பூலின் (பேக்கப் சேரும் தொகுப்பின்) அளவை வைத்து இதே வேலையைச் செய்யலாம். அமாண்டா என்ற மென்பொருளில் இத்தனை சதவீத டேப் நிறையும் அளவுக்குத் தரவு சேர்ந்த பிறகே எழுது என்று சொல்ல முடியும்.

இதை மட்டும் நம்பியிருப்பதை நான் ஏற்கமாட்டேன். டிஸ்க் 90 சதவீதத்தைத் தொடுவது எப்போது? பேக்கப் மும்முரமாக விழுந்துகொண்டிருக்கும் நடு இரவில்தான். இறக்கத்தை வேண்டாத வேளையில் தொடங்குவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. அடுத்தது, டிஸ்க் பெரிதாக இருந்தால் வரம்பைத் தொடவே மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரத் தரவுக்கும் டேப்பில் நகல் கிடையாது.

நான் வைத்திருப்பது இப்படி: நேரத்தின் அடிப்படையில் நாள்தோறும் ஒரு இறக்கம், வரம்பு என்பது காவலுக்கு மட்டும். 80 சதவீதத்தில் எச்சரிக்கை வரும், 85 இல் அவசர இறக்கம் தொடங்கும். அவசர இறக்கம் வருடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் ஓடினால் டிஸ்க் போதவில்லை என்று கணக்குப் பிரிவுக்குக் கடிதம் எழுத வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நகலெடுப்பதா, நகர்த்துவதா?

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தலையில் கைவைத்தவர்களை அறிவேன். நகர்த்தினால் டேப்பில் எழுதியதும் டிஸ்கில் இருப்பது கழிக்கப்படும். உங்களிடம் இருப்பது அப்போதும் ஒரே பிரதிதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. நகலெடுத்தால் இரண்டு பிரதிகள். டிஸ்கில் உள்ளது அதன் காலக்கெடு முடியும்போது தானாகக் கழியும்.

'டேப்பில் இருக்கிறதே, இரண்டு நகல் ஆகிவிட்டது' என்று நிர்வாகத்திடம் சொல்வதற்கு முன் உங்கள் ஜாப் இதில் எந்த வகை என்று பாருங்கள். திரும்பக் கேட்டு வருவதெல்லாம் பெரும்பாலும் சென்ற சில நாட்களின் கோப்புகள்தான்: நேற்று அழிந்த எக்செல், முந்தாநாள் கெட்டுப்போன டேட்டாபேஸ். அவை டிஸ்கில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆகையால் முதல் நாளே நகலெடுங்கள். 14 நாள் கழித்து டிஸ்கில் கழியுங்கள். டிஸ்க் சிறியது, நகர்த்தத்தான் வேண்டும் என்றால் குறைந்தது மூன்று நான்கு நாள் வயதாவது ஆன பிறகு நகர்த்தும்படி தாமதம் கொடுங்கள். அப்போதும் இரண்டாவது டேப் ஒன்று வேண்டும்.

காலக்கெடு எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். சில ஏற்பாடுகளில் பேக்கப் எடுத்த நாளிலிருந்து, சிலவற்றில் டேப்பில் எழுதிய நாளிலிருந்து. டிஸ்கின் 14 நாள் கெடுவையே டேப்பும் எடுத்துக்கொண்டு, இரண்டு வாரத்தில் டேப்பை மறுபடி எழுதக் கொடுத்துவிட்ட கூத்தும் நடந்திருக்கிறது.

எவ்வளவு டிஸ்க், எவ்வளவு நேரம் வேண்டும்? கணக்கு சொல்லுங்கள்.

ஒரு நடுத்தர ஆலையை எடுத்துக்கொள்வோம். வெள்ளி இரவு முழு பேக்கப் 6 டெராபைட். மற்ற ஆறு இரவுகளிலும் மாறியவை மட்டும், இரவுக்கு 400 ஜிபி. வாரத்துக்கு 8.4 டெராபைட். இரண்டு வாரம் டிஸ்கில் இருக்க 16.8, கழிவதற்கு முன்பே புதியது வந்துவிடும் என்பதால் கால் பங்கு கூட்டி 21 டெராபைட் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்குக்கு டிரைவின் அட்டையில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் டிஸ்க் எவ்வளவு வேகத்தில் வாசித்துத் தருகிறது என்று அளந்து பாருங்கள். நொடிக்கு 250 மெகாபைட் என்றால் முழு பேக்கப் இறங்க 24,000 நொடி, அதாவது 6 மணி 40 நிமிடம். சனிக்கிழமை காலை 9 மணிக்குத் தொடங்கினால் மாலை 4க்குள் முடிந்துவிடும். ஓர் இரவின் 400 ஜிபிக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. வாரத் தரவு முழுவதும் 12 டெராபைட் கொள்ளும் எல்டிஓ-8 டேப் ஒன்றில் அடங்கும்.

டேப் உறையில் பெரிய எழுத்தில் 30 டெராபைட் என்று இருக்கும். அது 2.5 மடங்கு சுருங்கும் என்ற கற்பனையில் போட்ட எண். மருத்துவமனை ஸ்கேன் படங்கள், வீடியோ, மென்பொருளே முன்பே சுருக்கியோ பூட்டியோ (என்கிரிப்ட் செய்தோ) வைத்த பேக்கப் இவையெல்லாம் டேப்பில் மேலும் சுருங்காது.

டீடூப்ளிகேஷன் டிஸ்க் வாங்கிய பிறகு டேப் ஜாப் மூன்று மடங்கு நேரம் எடுக்கிறது. ஏன்?

ஒரே மாதிரியான துண்டுகளை ஒருமுறை மட்டும் சேமித்து இடத்தை மிச்சப்படுத்தும் டிஸ்க் அது. ஆனால் டேப்புக்குப் போகும்போது தரவு முழு உருவத்தில் போக வேண்டியிருக்கிறது. அதற்கு டிஸ்க் முழுவதும் சிதறிக் கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துக் கோக்க வேண்டும். தொடர்ந்து வாசித்தால் 250 தரும் டிஸ்க், இப்படிப் பொறுக்கும்போது 60, 70க்கு இறங்கிவிடும்.

இரண்டு வழிகள் எனக்குக் கைகொடுத்தன. டீடூப் இல்லாத சாதாரண டிஸ்கில் 8 டெராபைட் அளவுக்கு ஒரு வாசல் திண்ணை. அன்றைய பேக்கப் முதலில் அங்கே விழுந்து, அங்கிருந்தே டேப்புக்கும் போய், அதன் பிறகு டீடூப் கிடங்குக்குள் நுழையும். மற்றொன்று, டிரைவ் இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும் ஓட்டுவது. கிடைக்கிற வேகத்தை இரண்டாகப் பங்கிட்டால் இரண்டு டிரைவும் பட்டினி கிடக்கும்.

பல ஜாப்களைக் கலந்து ஒரே டேப்பில் ஒரே நேரத்தில் எழுதலாமா?

சர்வரிலிருந்து நேராக டேப்புக்கு எழுதிய காலத்தில் அது தேவைப்பட்டது. டிஸ்க் நடுவில் வந்த பிறகு தேவையில்லை. ஒன்றன்பின் ஒன்றாக எழுதுங்கள்; திரும்ப எடுக்கும்போது டேப் நேராக ஓடும்.

டேப்பைத் தானே மாற்றும் ரோபோ லைப்ரரி இல்லை, ஒரே டிரைவ்தான். டேப் நிறைந்தால் யார் மாற்றுவது? விடுமுறையில் என்ன செய்வது?

எல்லை ஊர்களில் ஷெட்யூல் போடுகிறவர் இரண்டு நாட்காட்டிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் ஓணம் தொடங்கி நான்காம் ஓணம் வரை நான்கு நாள் இந்தப் பக்கம் அடைப்பு. பொங்கலுக்குத் தமிழகத்தை ஒட்டிய ஆறு மாவட்டங்களுக்குக் கேரள அரசு ஒரு நாள்தான் விடுமுறை தருகிறது. ஆனால் நம் ஆட்கள் மாட்டுப் பொங்கல் முடியாமல் வேலைக்குத் திரும்பமாட்டார்கள். தீபாவளியும் அப்படியே. கல்பாத்தித் தேர் நாட்களைச் சொல்லவே வேண்டாம்.

பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் நகர்த்தும் ஜாப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். முதல் ஓணத்தன்று இரவு டேப் நிறைந்துவிட்டது. 'அடுத்த டேப்பைப் போடவும்' என்று மென்பொருள் கேட்டுக்கொண்டே நின்றது. டிஸ்கில் எதுவும் கழியவில்லை. மூன்றாம் ஓணத்தன்று அது நிரம்பியது, அதன் பிறகு இரண்டு இரவுகளின் பேக்கப் விழவே இல்லை. எச்சரிக்கை மின்னஞ்சல்கள் ஒழுங்காக என் அலுவலகப் பெட்டிக்குத்தான் வந்தன. நான் பொள்ளாச்சியில் அக்கா வீட்டில் இருந்தேன். அந்த இரண்டு நாளில் யாரும் எதையும் கேட்டு வரவில்லை என்பதால் என் வேலை பிழைத்தது.

அன்றிலிருந்து நான் விடாமல் செய்வது: நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள் பாதி காலியாக இருக்கும் டேப்பை எடுத்துவிட்டு முழுக் காலி டேப்பைப் போடுகிறேன். விடுமுறை முழுவதும் வரக்கூடிய தரவுக்கு டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று அன்றே பார்க்கிறேன். ஓணத்துக்குத் தமிழ்க் குடும்பத்து ஊழியர், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மலையாளி நண்பர் என்று முறை வைத்திருக்கிறோம்; எச்சரிக்கை அவர்களுடைய கைபேசிக்கே போகும். வெள்ளி மாலைக்குள் டேப் நிறையும் என்று கணக்குக் காட்டினால் வியாழனே மாற்றிவிடுவது. டேப்பில் கொஞ்சம் இடம் வீணாகும், போகட்டும்.

மின்சாரம் நடுவில் போனால்?

டேப்பில் பாதி எழுதிய ஜாப் செல்லாது. அதற்கு முன் முழுமையாக முடிந்தவை பத்திரமாகவே இருக்கும். டிஸ்கில் மூலம் இருப்பதால் மறுபடி ஓட்டினால் போதும். டிரைவையும் டிஸ்க் தொகுப்பையும் ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். மின்கட்டணத்துக்காக மாலை 6 முதல் 10 வரையிலான உச்ச நேரத்தைத் தவிர்க்கவேண்டுமா என்றும் ஒருவர் கேட்டார். டேப் டிரைவ் தின்னும் மின்சாரம் அற்பம். அந்த அறையின் ஏசிதான் பில்லை ஏற்றுகிறது.

டேப்பைக் கோயம்புத்தூர் கிளைக்கு அனுப்புகிறோம். எந்த நாளில் அனுப்புவது நல்லது?

வேறு ஊரில் ஒரு நகல் இருக்கத்தான் வேண்டும். 2018 ஆகஸ்டில் மலம்புழை அணையின் மதகுகளைத் திறந்தபோது கல்பாத்திப் புழை பொங்கிப் பாலக்காட்டு நகருக்குள் எங்கெல்லாம் தண்ணீர் புகுந்தது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

சனிக்கிழமை முழு பேக்கப் இறங்கினால், திங்கள்கிழமை சரிபார்த்துவிட்டு, செவ்வாய் அனுப்புகிறோம். ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 இல் சொன்னது. அப்படியும் வண்டி ஓடாத நாள் வரத்தான் செய்யும். அதனால் 'செவ்வாய், இல்லாவிட்டால் புதன்' என்றே பதிவேட்டில் எழுதியிருக்கிறோம்.

வெயிலும் ஈரமும் இன்னொரு தொல்லை. நீண்ட நாள் வைப்பதற்கு 16 முதல் 25 டிகிரி வெப்பமும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் ஏற்றவை. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டுக் கணவாயில் வெயில் 40 டிகிரியைத் தொடும். கதவு மூடிய காருக்குள் அதைவிட மோசம். ஜூனிலோ காற்றே நனைந்திருக்கும். கெட்டியான மூடியுள்ள பெட்டியில், இருக்கைக்குக் கீழே வைத்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அங்கிருந்து திரும்ப வந்த டேப்பை உடனே டிரைவில் நுழைக்காமல் ஒரு நாள் சர்வர் அறையிலேயே வைத்திருங்கள். அந்த 24 மணி நேரமும் உங்கள் ஷெட்யூலில் சேரவேண்டிய நேரம்தான்.

எல்டிஓ-4 முதல் டிரைவே தரவைப் பூட்டி எழுதும் வசதி உண்டு. வெளியே போகும் டேப்புக்கு அதைப் பயன்படுத்துங்கள். சாவியை அதே பெட்டியில் அனுப்பிவிடாதீர்கள். சிரிக்க வேண்டாம், பார்த்திருக்கிறேன்.

எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்?

கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது 2013 ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். ஜிஎஸ்டி ஆவணங்களுக்கு, ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம். மின்னணுக் கணக்குகளின் பேக்கப் இந்தியாவிலுள்ள சர்வரில் நாள்தோறும் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியைத் திருத்தினார்கள். முன்பு 'அவ்வப்போது' என்று இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் பேக்கப் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

தாத்தா, அப்பா, மகன் என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்திருக்கும் சுழற்சியே எங்களுடையதும். நாள் டேப் இரண்டு வாரத்தில் மறுபடி எழுதப்படும், வார டேப் இரண்டு மாதத்தில். மாதக் கடைசி டேப் ஒரு வருடம் இருக்கும், மார்ச் 31 டேப் எட்டு வருடம் தாண்டியும் இருக்கும். மார்ச் டேப்பை மட்டும் ஒருமுறையே எழுதக்கூடிய வகையில் வாங்குகிறோம்.

எல்லாம் கிளவுடில் இருக்கிற காலத்தில் டேப் பழைய சங்கதி இல்லையா?

2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழை ஒன்றால் ஜிமெயிலில் 0.02 சதவீதக் கணக்குகளின் கடிதங்கள் காணாமல் போயின. பல இடங்களில் நகல் வைத்திருந்த கூகுளே கடைசியில் டேப்பிலிருந்துதான் அவற்றை மீட்டது. மின்தொடர்பில் இருக்கும் எதையும் பிழையோ, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேரோ எட்டிவிடும். அலமாரியில் இருக்கும் டேப்பை எட்டாது. லைப்ரரியின் அறைக்குள்ளேயே இருக்கும் டேப்பை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கட்டளை கொடுத்தால் ரோபோ கை அதையும் எடுத்து அழிக்கக் கொடுத்துவிடும்.

வாரம் ஒருமுறை சுத்தம் செய்யும் டேப்பை ஓட்ட ஜாப் போடலாமா?

வேண்டாம். அது தலையை உரசித்தான் சுத்தம் செய்கிறது. டிரைவ் கேட்கும்போது போடுங்கள்.

எல்டிஓ-9க்கு மாறப் போகிறோம். ஷெட்யூலில் எதை மாற்ற வேண்டும்?

புத்தம் புதிய எல்டிஓ-9 டேப்பை முதன்முறை நுழைக்கும்போது டிரைவ் அதை அளந்து பழக்கிக்கொள்ளும். சராசரியாக 40 நிமிடம், சில சமயம் 2 மணி நேரம்கூட ஆகும். டேப் தயாராகவில்லை என்று நினைத்து ஜாப் கைவிட்டுவிடும். ஆகவே வாங்கியவுடன் ஒரு பகல் பொழுதில் எல்லாப் புது டேப்களையும் ஒவ்வொன்றாக நுழைத்து எடுத்துவிடுங்கள்.

பழைய டேப்களையும் பாருங்கள். எல்டிஓ-9 டிரைவ் எல்டிஓ-8 வரைதான் வாசிக்கும். எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-7 வரை. எட்டு வருட மார்ச் டேப்கள் எல்டிஓ-6 இல் இருந்தால் பழைய டிரைவை விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஆறு மாதத்துக்குள் அவற்றைப் புதியதில் மாற்றி எழுத ஒரு ஷெட்யூல் போடுங்கள்.

ஜாப் 'வெற்றி' என்று காட்டுகிறது. டிஸ்கில் கழித்துவிடலாமா?

'வெற்றி, ஆனால் எச்சரிக்கைகள் உண்டு' என்று காட்டுகிறதா என்று முதலில் முழு வரியையும் படியுங்கள். அடுத்து, எந்தத் தரவு எந்த டேப்பில் என்று சொல்லும் கேட்டலாக்கையும் டேப்பில் எழுதியாகிவிட்டதா என்று பாருங்கள். அது எப்போதும் கடைசி ஜாப்பாக, எல்லாம் முடிந்த பிறகே ஓட வேண்டும். கேட்டலாக் இல்லாவிட்டால் ஒவ்வொரு டேப்பையும் முழுதாகச் சுற்றிப் படித்துப் பட்டியலிட வேண்டியிருக்கும்; 12 டெராபைட் டேப் ஒன்றுக்கு நொடிக்கு 300 மெகாபைட் வேகத்தில் 11 மணி நேரத்துக்கு மேல்.

அதன் பிறகு திரும்ப எடுத்துப் பாருங்கள். எங்கள் அறையில் மாதத்தின் இரண்டாம் புதன் மதியம் அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறது. கேண்டீன் பையனைக் கூப்பிட்டு டேப் அலமாரியிலிருந்து ஏதாவது ஒன்றை உருவச் சொல்வோம். அதிலிருந்து ஒரு டேட்டாபேஸ், ஒரு கோப்பு அடைவு, ஒரு ஆளின் மின்னஞ்சல் பெட்டி மூன்றையும் தனி சர்வரில் எடுத்துத் திறந்து பார்ப்போம். சென்ற ஜூலையில் அவன் உருவியது 2021 மார்ச் டேப். பட்டைக் குறியீட்டு ஸ்டிக்கர் ஈரத்தில் பாதி உரிந்திருந்தது. தரவு சரியாக வந்தது. ஸ்டிக்கரை மாற்றி ஒட்டினோம், அலமாரியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை இரட்டிப்பாக்கினோம், பையனுக்கு வழக்கம்போல ஒரு பழம்பொரி.